பேராளர் கணக்கும் பிரசார ஊழியர்களும்: அமெரிக்க பிரைமரி தேர்தல் குறித்து ஓர் எளிய விளக்கம்

2008ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று, அமெரிக்காவின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்கள், தங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதை முடிவு செய்ய ஒரே நாளில் வாக்களித்தார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தில் பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாயின. அங்கே ஹிலாரி கிளிண்டன் ஏறத்தாழ 10 சதவீத வித்தியாசத்தில் பராக் ஒபாமாவைத் தோற்கடித்தார். அந்த வெற்றியால் அவருக்குக் கிடைத்த பேராளர்கள் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் வாக்களிப்பவர்கள்) 59 பேர், ஒபாமாவுக்கு 48 பேர். ஆக, 11 பேர் அதிகம். அதே நாளில், மக்கள்தொகை குறைந்த மலைப்பிரதேச மாநிலமான ஐடஹோவில் நடந்த கூட்டங்களில் சுமார் 21,000 பேர் மட்டுமே கலந்துகொண்டார்கள். ஒபாமா அங்கே ஏறத்தாழ 80 சதவீத ஆதரவைப் பெற்று, 18 பேராளர்களில் 15 பேரைத் தனதாக்கிக்கொண்டார். அதாவது கிளிண்டனைவிட 12 பேர் அதிகம். பதினொரு லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில் கிடைத்த லாபத்தை, இருபத்தோராயிரம் பேர் கூடிய மாநிலம் ஒன்று சமன்செய்து, அதற்கு மேலும் ஒன்றைத் தந்துவிட்டது.

இது தற்செயலாக நடந்ததல்ல. ஒபாமாவின் பிரசாரக் குழு ஐடஹோவில் முன்கூட்டியே அலுவலகம் திறந்து, சம்பளத்துக்கு ஊழியர்களை அமர்த்தி, ஆதரவாளர்களின் பட்டியலைத் தயாரித்து வைத்திருந்தது. எப்படியும் பொதுத்தேர்தலில் குடியரசுக் கட்சி வெல்லப்போகிற மாநிலம் என்பதால், கிளிண்டனின் குழு அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டியில் ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவருக்கு இந்த ஒரு நாளின் கணக்கைக் காட்டினால் பாதி விளங்கிவிடும். வேட்பாளரின் நேரத்தையும், திரண்ட பணத்தையும், மக்களிடம் ஆங்காங்கே இருக்கும் அபிமானத்தையும், விதிமுறைகளுக்கு உட்பட்டுப் பேராளர்களாக மாற்றுவதே அவர்களுடைய வேலை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, முதலில் பிரைமரி முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. கோடைகாலத்தில் கூடும் கட்சியின் தேசிய மாநாட்டில் பேராளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பேராளர்களில் பெரும்பாலானோர் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதை, ஆண்டின் முற்பகுதியில் மாநிலம் மாநிலமாக நடக்கும் தேர்தல்கள் தீர்மானித்துவிடுகின்றன. வாக்குச்சாவடிக்குச் சென்று வாக்களிக்கும் முறைக்கு பிரைமரி என்று பெயர். குறித்த நேரத்தில் ஊர்க்கூட்டம் போல ஓரிடத்தில் கூடித் தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கும் முறைக்கு காகஸ் என்று பெயர். 1968இல் எந்த பிரைமரியிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ப்ரி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானதால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, அக்கட்சி தன் விதிகளைத் திருத்தியது; 1972 முதல் இன்றுள்ள முறை நிலைபெற்றது. ஜனநாயகக் கட்சியில், ஒரு மாநிலத்திலோ தொகுதியிலோ 15 சதவீத ஆதரவை எட்டும் வேட்பாளர்களுக்குப் பேராளர்கள் விகிதாசாரப்படி பிரித்துத் தரப்படுகிறார்கள். குடியரசுக் கட்சியில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்களில் முதலிடம் பெற்றவருக்கே அத்தனை பேராளர்களும் போய்ச்சேருவார்கள்.

நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் கட்சியின் பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். பிரைமரியில் அந்த வசதி கிடையாது. போட்டியிடும் எல்லோரும் ஒரே கட்சியினர். பெரும்பாலான கொள்கைகளிலும் அவர்களிடையே பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதைவிட முக்கியமாக, கட்சியின் நிரந்தர அமைப்பு இந்தப் போட்டியில் நடுநிலை வகிக்க வேண்டியது மரபு. ஆகவே ஒவ்வொரு வேட்பாளரும் அலுவலகம், வங்கிக் கணக்கு, கணினி, வாக்காளர் பட்டியல், மாநிலக் கிளைகள் என்று எல்லாவற்றையும் வெறும் கையிலிருந்து தொடங்கி ஓராண்டுக்குள் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று பேருடன் ஆரம்பித்த அமைப்பு சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோராகப் பெருகுவதும், தோல்வி ஏற்பட்டால் ஒரே இரவில் கலைந்துபோவதும் இங்கே சாதாரணம்.

தலைமை அலுவலகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். பிரசார மேலாளர்தான் நிர்வாகத்தின் தலைவர். யாரை வேலைக்கு எடுப்பது, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, எந்த நாளில் வேட்பாளர் எங்கே இருக்க வேண்டும் என்பவை அவருடைய மேசையில் முடிவாகின்றன. வியூக வகுப்பாளர் என்பவர் வேறு. வேட்பாளர் மக்களிடம் எதைச் சொல்ல வேண்டும், எந்தத் தரப்பு வாக்காளரை நோக்கிச் சொல்ல வேண்டும் என்பதை வகுப்பவர் அவர். இவருக்குத் துணையாகக் கருத்துக்கணிப்பாளரும் விளம்பரத் தயாரிப்பாளரும் இருப்பார்கள். 2008இல் ஒபாமாவிடம் டேவிட் ப்ளஃப் மேலாளராகவும் டேவிட் ஆக்ஸல்ராட் தலைமை வியூக வகுப்பாளராகவும் இருந்தார்கள். இருவரும் முன்பே ஒன்றாகத் தொழில் செய்தவர்கள் என்பதால் யாருடைய எல்லை எதுவரை என்பதில் குழப்பம் எழவில்லை. கிளிண்டனிடம் பேட்டி சோலிஸ் டாயில் மேலாளர். மார்க் பென் தலைமை வியூக வகுப்பாளராகவும் கருத்துக்கணிப்பாளராகவும் ஒருசேர இருந்தார். தான் வகுத்த வியூகம் பலிக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டியவரும் அவரே என்பது, எந்த அமைப்பிலும் தவிர்க்க வேண்டிய ஏற்பாடு. அந்தக் குழுவுக்குள் நிலவிய பூசல்கள் அன்றாடம் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பிப்ரவரி 10 அன்று சோலிஸ் டாயிலின் இடத்துக்கு மேகி வில்லியம்ஸ் வந்தார். ஏப்ரலில் பென்னும் தலைமை வியூக வகுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஊழியர் சொல்வது சரியாக இருந்தும் எடுபடாமல் போவதுண்டு என்பதற்கும் அதே பிரசாரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2007 மே மாதத்தில் கிளிண்டனின் துணை மேலாளர் ஒருவர், போட்டியின் முதல் வாக்குப்பதிவு நடக்கும் அயோவா மாநிலம் நமக்குச் சாதகமான களமல்ல, அங்கே கோடிக்கணக்கில் செலவழிப்பதைவிட அதை விட்டுவிட்டு அடுத்தடுத்த மாநிலங்களில் கவனம் செலுத்தலாம் என்று ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்தது. கசிந்த பிறகு அந்த யோசனையை ஏற்பது அரசியல்ரீதியாக இயலாத காரியமாகிவிட்டது. ஏராளமாகச் செலவழித்த கிளிண்டன், 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் மூன்றாவது இடத்தைத்தான் பெற்றார்.

பணத்தின் பக்கம் வருவோம். கூட்டாட்சிச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிரசாரக் குழுவுக்கும் ஒரு பொருளாளர் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பதவி காலியாக இருக்கும்போது ஒரு டாலரைக்கூட வாங்கவோ செலவழிக்கவோ அனுமதி இல்லை. தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு: 2008இல் பிரைமரிக்கு 2,300 டாலர், 2020இல் 2,800 டாலர், 2024இல் 3,300 டாலர். பெரும் பணக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டால் போதும் என்ற நிலை இதனால் இல்லை. ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டே ஆக வேண்டும். நிதி திரட்டும் ஊழியரின் நாள் பெரும்பாலும் வேட்பாளரை ஓர் அறையில் உட்கார வைத்துத் தொலைபேசியைக் கையில் கொடுப்பதில் கழிகிறது. எதிரே அமர்ந்திருக்கும் ஊழியர் எண்ணைச் சுழற்றுவார்; அடுத்து பேசப்போகிறவரின் பெயர், தொழில், பிள்ளைகளின் படிப்பு, போன முறை கொடுத்த தொகை, இந்த முறை கேட்க வேண்டிய தொகை எல்லாம் எழுதிய தாள் வேட்பாளரின் முன்னால் இருக்கும். அவர் சொன்ன தொகையை ஊழியர் குறித்துக்கொண்டு, அது உண்மையிலேயே வந்து சேர்ந்ததா என்று பின்னர் விசாரிப்பார். அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிற ஒருவர் தன் வாரத்தின் கணிசமான மணிநேரங்களை இப்படிக் கழிக்கிறார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இணையவழிச் சிறுநன்கொடைகள் பெருகிய பிறகு சிலருக்கு இந்தச் சுமை குறைந்திருக்கிறது. பெரும்பாலானோருக்கு இன்னும் நீங்கவில்லை.

வருகிற பணத்தைவிட வேகமாகச் செலவழிப்பதுதான் பிரைமரிப் பிரசாரங்களைக் கொல்லும் நோய். குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன் 2007இன் முதல் ஆறு மாதங்களில் இரண்டு கோடி டாலருக்கும் மேல் திரட்டியிருந்தார். ஜூலை தொடக்கத்தில் கையிருப்பு சுமார் 20 லட்சம் மட்டுமே. முன்னணி வேட்பாளர் என்ற மதிப்புக்கு ஏற்ப முதலிலேயே பெரிய அலுவலகத்தையும் ஏராளமான ஊழியர்களையும் அமர்த்தியதன் விளைவு இது. மேலாளர் டெர்ரி நெல்சனும் நெடுநாள் வியூக வகுப்பாளர் ஜான் வீவரும் வெளியேறினார்கள். ஊழியர்களில் பெரும்பகுதியினர் வேலை இழந்தார்கள். எஞ்சிய சிலர் சம்பளமின்றிப் பணியாற்றினார்கள். அந்தச் சிறிய குழுவோடு நியூ ஹாம்ப்ஷயர் என்ற ஒற்றை மாநிலத்தில் மெக்கெய்ன் மீண்டும் மீண்டும் பேருந்தில் சுற்றி, 2008 ஜனவரி 8 அன்று அங்கே வென்று, கடைசியில் கட்சியின் வேட்பாளராகவே ஆனார். பெரிய அணி வைத்திருந்தபோது சரிந்தவர், சிறிய அணியோடு எழுந்தார் என்பதை ஊழியர் எண்ணிக்கையை வலிமையாகக் கருதுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி களப்பணி. பிரைமரியின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது என்று நான் கருதுவதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு முக்கிய மாநிலத்துக்கும் ஒரு மாநில இயக்குநர் இருப்பார். அவருக்குக் கீழே வட்டாரப் பொறுப்பாளர்கள். அவர்களுக்குக் கீழே களப்பணியாளர்கள். களப்பணியாளர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். உள்ளூர் ஆதரவாளர் ஒருவர் வீட்டின் உபரி அறையில் தங்கியிருப்பார். அவருக்கு ஒன்றோ இரண்டோ மாவட்டங்கள் ஒப்படைக்கப்பட்டிருக்கும். பகலில் உள்ளூர்க்காரர்களைத் தேநீர்க்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் சந்திப்பார். மாலையில் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை அழைப்பார். பேசிய ஒவ்வொருவருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண் கொடுக்கப்படும்: ஒன்று என்றால் உறுதியான ஆதரவாளர், மூன்று என்றால் முடிவெடுக்காதவர், ஐந்து என்றால் நிச்சயமாக எதிர்த்தரப்பு. அன்றிரவே அந்த எண்கள் கணினியில் ஏற்றப்பட்டு, மறுநாள் காலை மேலிடத்தில் மாநிலம் முழுவதற்குமான கணக்காகத் திரண்டு நிற்கும். ஆதரவாளர் என்று சொன்னவர் ஓர் அட்டையில் கையெழுத்திட்டால்தான் அவரைக் கணக்கில் சேர்ப்பார்கள். வாய்வார்த்தையை நம்புகிற களப்பணியாளர் வாக்குப்பதிவு நாளில் ஏமாந்துபோவார்.

அயோவாவின் பழைய காகஸ் முறையை எடுத்துக்கொண்டால் இந்த உழைப்பின் பொருள் விளங்கும். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கு ஒன்றில் நூறு பேர் கூடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் அரங்கின் ஒவ்வொரு மூலையில் போய் நிற்பார்கள். 15 பேருக்குக் குறைவாக உள்ள மூலை செல்லாததாகிவிடும். அங்கே நிற்பவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது பிறரை அழைத்துவந்து தங்கள் எண்ணிக்கையை 15 ஆக்கலாம். ஒரு மூலையில் 12 பேர் நிற்கிறார்கள். இன்னும் மூவர் வேண்டும். இந்த நிமிடத்தில் களப்பணியாளரின் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அவர் பல மாதங்களாகப் பழக்கிவைத்த உள்ளூர்ப் பொறுப்பாளர்தான் அந்த அரங்கில் இயங்க வேண்டும். எதிர்மூலையில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் வேட்பாளருக்கு இன்று வழியில்லை, இரண்டாவது விருப்பமாக எங்களிடம் வாருங்கள் என்று அவர்தான் பேச முடியும். வெளியூர்க்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அங்கே அவருடைய பேச்சு செல்லாது.

2004இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த ஹோவர்ட் டீனின் பிரசாரம் இதை நேரடியாக அனுபவித்தது. இணையத்தின் மூலம் பணத்தையும் ஆர்வலர்களையும் அதுவரை யாரும் திரட்டாத அளவுக்குத் திரட்டிய பிரசாரம் அது. அதன் மேலாளர் ஜோ ட்ரிப்பி. நாடெங்கிலுமிருந்து சில ஆயிரம் தன்னார்வலர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி அணிந்து அயோவாவின் கடுங்குளிரில் வீடு வீடாகப் போனார்கள். டீன் 18 சதவீதத்துடன் மூன்றாம் இடத்துக்குப் போனார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்நியர்களின் உற்சாகம் உள்ளூர்க்காரரின் அறிமுகத்துக்கு ஈடாகாது என்ற பாடத்தைக் களப்பணி இயக்குநர்கள் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு 38 சதவீதத்துடன் வென்ற ஜான் கெர்ரி, இரண்டு மாதங்களுக்கு முன்புதான் தன் மேலாளரை நீக்கி மேரி பெத் கேஹிலை அமர்த்தியிருந்தார். பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டி அயோவாவில் போட்டிருந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஒபாமாவின் அயோவா இயக்குநர் பால் ட்யூஸ், தன் ஊழியர்களுக்கு மூன்று சொற்களில் நடைமுறை விதி வகுத்தார்: மதிப்பளி, பொறுப்பு கொடு, சேர்த்துக்கொள். அலங்கார வாசகம் போலத் தோன்றினாலும் இதற்குக் கறாரான ஒரு பயன் இருந்தது. வழக்கமாகக் காகஸுக்கு வருகிறவர்கள் பலரும் பிற வேட்பாளர்களிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்ததால், இதுவரை வராதவர்களைக் கொண்டுவந்தால் மட்டுமே வெல்ல முடியும் என்று அந்தக் குழு கணக்கிட்டிருந்தது. நவம்பருக்குள் 18 வயதை எட்டும் 17 வயதினரும் கலந்துகொள்ளலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையேகூட அமைப்பு கட்டினார்கள். 2004இல் ஏறக்குறைய 1.25 லட்சமாக இருந்த ஜனநாயகக் கட்சிக் காகஸ் வருகை, 2008இல் 2.35 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முதன்முறையாக வந்தவர்கள். ஒபாமா 38 சதவீதம் பெற்றார். வாக்காளர் தரவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு வேறொரு சம்பவமும் உண்டு. 2015 டிசம்பரில், கட்சியின் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்பட்ட கோளாறால் கிளிண்டன் தரப்பின் தகவல்கள் திறந்துகிடந்தபோது, அந்த முறை அவரை எதிர்த்து உட்கட்சிப் போட்டியில் நின்ற பெர்னி சாண்டர்ஸின் ஊழியர்கள் சிலர் அதைத் தேடிப் பார்த்தார்கள். சாண்டர்ஸ் தரப்பு தன் தேசியத் தரவு இயக்குநரைப் பணிநீக்கம் செய்தது. கட்சி சாண்டர்ஸ் குழுவுக்கே தரவுத்தளத்தைச் சில காலம் மூடிவிட, அக்குழு நீதிமன்றம் வரை போனது.

தொலைக்காட்சியில் தோன்றும் வியூக வகுப்பாளர்களின் புகழுக்குச் சற்றும் குறையாத மதிப்பு, யாருக்கும் பெயர் தெரியாத இன்னொரு வகை ஊழியருக்கு உண்டு. விதிமுறைகளைப் படித்தவர் அவர். ஒபாமாவிடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் வழக்கறிஞர் ஜெஃப் பெர்மன். ஜனநாயகக் கட்சியின் பேராளர்கள் பெரும்பாலும் தொகுதிவாரியாகப் பிரிக்கப்படுவதால், ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதே பெரிய விஷயமாகிவிடுகிறது. இருவர் மட்டுமே போட்டியில் இருக்கும்போது, நான்கு பேராளர்கள் கொண்ட தொகுதியில் 55 சதவீதம் பெற்று வென்றாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவது பேராளரைப் பெற 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மூன்று பேராளர்கள் கொண்ட தொகுதியிலோ, ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே இரண்டுக்கு ஒன்று என்று லாபம். அப்படியானால் வேட்பாளரின் அரைநாளை எந்த ஊருக்குத் தருவது என்பதைப் பெர்மன் போன்றவரின் அட்டவணையே சொல்லிவிடும். 2008 ஜனவரி 19 அன்று நெவாடாவில் கிளிண்டன் 51 சதவீதமும் ஒபாமா 45 சதவீதமும் பெற்றார்கள். ஆனால் ஒற்றைப்படை எண்ணிக்கை கொண்ட கிராமப்புறப் பகுதிகளில் ஒபாமா முந்தியதால் பேராளர் கணக்கு அவருக்கு 13, கிளிண்டனுக்கு 12 என்று வந்தது. கிளிண்டன் தரப்பிலும் ஹெரால்ட் இக்கீஸ் என்ற, கட்சி விதிகளைக் கரைத்துக் குடித்த மனிதர் இருந்தார். அவருடைய அறிவு அந்தக் குழுவின் திட்டத்தில் எந்த அளவுக்கு இறங்கியது என்பதில்தான் வேறுபாடு.

விதியைக் கோட்டைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வர்ஜீனியா சாட்சி. 2012ஆம் ஆண்டுக்கான குடியரசுக் கட்சி பிரைமரியில் வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெற, மாநிலம் முழுவதிலுமிருந்து 10,000 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். அதிலும் 11 தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400 இருக்க வேண்டும். கையெழுத்து வாங்குவது சலிப்பூட்டும் வேலை; செல்லாதவை கழிக்கப்படும் என்பதால் தேவைக்கு மிக அதிகமாகவே வாங்கியாக வேண்டும். 2011 டிசம்பரில் மனுக்களைப் பரிசீலித்தபோது, கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த நியூட் கிங்ரிச்சும், டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியும் தகுதி பெறவில்லை. கிங்ரிச் குடியிருந்ததே வர்ஜீனியாவில்தான். கடைசியில் அந்த மாநிலத்தின் வாக்குச்சீட்டில் மிட் ராம்னி, ரான் பால் என்ற இரண்டு பெயர்கள் மட்டுமே இருந்தன. 2011 ஜூன் மாதத்தில் கிங்ரிச்சின் மூத்த ஊழியர்கள் கூண்டோடு ராஜினாமா செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிழை வியப்பளிக்காது.

மற்ற பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தகவல் தொடர்பு இயக்குநரும் செய்தித் தொடர்பாளரும் ஊடகங்களைக் கவனிக்கிறார்கள். எதிராளியின் பழைய உரைகளையும் வாக்களிப்புப் பதிவுகளையும் தோண்டியெடுக்க ஆய்வுக் குழு ஒன்று உண்டு, தன் வேட்பாளரின் பலவீனங்களையும் அதுவே முதலில் தோண்டிவைக்கும். கொள்கைக் குழு திட்டங்களை எழுதுகிறது. உரை எழுதுநர்கள் அவற்றை மேடைக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள். கூட்டம் நடக்கும் இடத்துக்கு முன்கூட்டியே போய் மேடை, ஒலிபெருக்கி, கேமரா நிற்கும் கோணம், வேட்பாளர் நுழையும் கதவு வரை ஏற்பாடு செய்பவர்களின் கைத்திறன் தனிக் கலை: இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்தால் ஆயிரத்து ஐந்நூறு பேர் கொள்ளும் அரங்கைத்தான் எடுப்பார்கள், அரங்கு நிரம்பி வழிந்தது என்று செய்தி வர வேண்டும் என்பதற்காக. வேட்பாளரின் கூடவே பயணம் செய்து, கைபேசியையும் மருந்தையும் கைகுலுக்கிய பின் தேய்க்கும் திரவத்தையும் சுமக்கும் இளம் உதவியாளருக்குப் பதவி சிறியது, செல்வாக்கு அப்படியல்ல. ஒபாமாவிடம் அந்த இடத்தில் இருந்த ரெஜி லவ், கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடியவர்.

இந்த ஊழியர்களின் வாழ்க்கை நிலை வெகுகாலம் யாருடைய கவனத்துக்கும் வராமலே இருந்தது. வார விடுமுறை இல்லை, நேரக் கணக்கு இல்லை, லட்சியத்துக்காக உழைக்கிறோம் என்ற நம்பிக்கையே கூலியின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. 2019 மார்ச்சில் சாண்டர்ஸின் பிரசார ஊழியர்கள் தொழிற்சங்கமாகத் திரண்டார்கள். பெரிய அதிபர் தேர்தல் பிரசாரம் ஒன்றில் இது முதன்முறை. ஒப்பந்தப்படி களப்பணியாளரின் ஆண்டுச் சம்பளம் 36,000 டாலர். மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று நாடெங்கும் முழங்கிய வேட்பாளரின் ஊழியர்கள், தாங்கள் உழைக்கும் மணிநேரங்களால் வகுத்தால் அந்தத் தொகை தங்களுக்கே கிடைப்பதில்லை என்று ஜூலையில் குரல் எழுப்ப, தரப்புகள் மீண்டும் பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதாயிற்று. அதே ஆண்டில், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸின் பிரைமரிப் பிரசாரம், பணம் குறைந்ததால் பால்டிமோர் தலைமையகத்தில் ஆட்குறைப்புச் செய்து மிஞ்சியவர்களை அயோவாவுக்கு அனுப்பியது. மேலாளர் ஒருபுறமும், தலைவராக இருந்த வேட்பாளரின் தங்கை மாயா ஹாரிஸ் மறுபுறமும் அதிகாரம் செலுத்தியதால் முடிவுகள் இழுபட்டன. மூத்த ஊழியர் ஒருவர், ஊழியர்களை இவ்வளவு மோசமாக நடத்திய அமைப்பைத் தான் கண்டதில்லை என்று எழுதிய ராஜினாமாக் கடிதம் நவம்பரில் பத்திரிகையில் வெளியானது. டிசம்பர் 3 அன்று ஹாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். ஒரு மாநிலத்தில்கூட அதுவரை வாக்குப்பதிவு தொடங்கியிருக்கவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு ஊழியர்களின் ஆற்றலுக்கு உள்ள எல்லையையும் சொல்லியாக வேண்டும். 2020இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இறங்கிய பெரும் பணக்காரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் தன் சொந்தப் பணத்தை நூறு கோடி டாலர் அளவுக்கு இறைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அமர்த்தி, களப்பணியாளருக்கு மாதம் 6,000 டாலர் கொடுத்தார். சாண்டர்ஸ் ஊழியர்களின் முதல் ஒப்பந்தச் சம்பளத்தைப்போல இது இரு மடங்கு. மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு நடந்தபோது அவருக்குக் கிடைத்த ஒரே வெற்றி, பசிபிக் பெருங்கடலில் உள்ள அமெரிக்கன் சமோவா தீவுகளில். அதே நாளில் ஜோ பைடன் 10 மாநிலங்களில் வென்றார். அவற்றில் மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான அமைப்பே கிடையாது. மூன்று நாட்களுக்கு முன் தென் கரோலினாவில் பெற்ற பெருவெற்றியும், போட்டியாளர்கள் சிலர் விலகி அவரை ஆதரித்ததும் ஏற்படுத்திய அலை, ஊழியர்கள் இல்லாத குறையை மூடிவிட்டது. களப்பணி என்பது இருக்கிற ஆதரவை வாக்குச்சாவடிவரை கொண்டுசேர்க்கும்; இல்லாத ஆதரவை உண்டாக்கித் தராது. அதனால்தான் நெருக்கமான போட்டிகளிலும், குறைந்த எண்ணிக்கையினர் கலந்துகொள்ளும் காகஸ் போன்ற இடங்களிலும் ஊழியர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும் பலனைத் தருகிறது. அலை அடிக்கும்போது அது தெரிவதில்லை.

போட்டியிலிருந்து வேட்பாளர் விலகிய மறுநாள் அலுவலகச் சாவிகள் திரும்ப ஒப்படைக்கப்படுகின்றன. திறமையான களப்பணியாளர்களை வெற்றிபெற்ற வேட்பாளரின் குழு தேடிவந்து எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை எதிரெதிர் மூலைகளில் நின்றவர்கள் நவம்பர்வரை ஒரே அறையில் வேலை செய்வார்கள். பொருளாளரும் கணக்கர்களும் மட்டும் போக முடியாது. நிலுவைக் கடன்கள் தீரும்வரை தேர்தல் ஆணையத்துக்கு அவர்கள் தொடர்ந்து அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். 2008 ஜூன் மாதத்தில் கிளிண்டன் போட்டியை முடித்துக்கொண்டார்; அந்தப் பிரசாரத்தின் கடன் முழுமையாக அடைபட்டதாகக் கணக்கு காட்டப்பட்டது 2013 ஜனவரியில்.